மொட்டை மாடி வெயிலில் உருகாத ரோபோ

சாரு,

உட்கார்ந்து படி. அம்மா கொண்டுவந்து கொடுத்த அட்டைப் பெட்டியை அதற்குள் பிரித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். பிரித்திருந்தாலும் பரவாயில்லை, மூடி வைத்துவிட்டு இதைப் படி. மயிலாப்பூரில் இருக்கிற அப்பா அடையாறில் இருக்கிற மகளுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். பஸ் ஏறினால் அரை மணி நேரம், போன் எடுத்தால் அதுவும் இல்லை. ஆனால் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். “போன்ல வேணாம், சிரிச்சு மழுப்பிடுவீங்க. நேர்லயும் வேணாம், அவ மூஞ்சியப் பார்த்தா பேச்ச மாத்திடுவீங்க. எழுதுங்க.” முப்பத்து மூன்று வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து ஆரம்பிக்கிறேன். புனே கம்பெனியில் உனக்கு இரண்டு வேலைகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, ஐந்து பேரை வைத்துக்கொண்டு நடைபாலங்களை நீயே வடிவமைப்பது. இன்னொன்று, மற்றவர்கள் போட்ட வரைபடங்களில் தப்பு இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது. வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ சொன்னாய்: “செக்கிங் வேலையே போதும்பா. நம்ம கை லட்சணம்தான் தெரியுமே. நான் பாட்டுக்கு நெழல்ல வச்சேன்னு நெனச்சுட்டு இருப்பேன், வெயில் நகர்ந்துடும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். நம் வீட்டில் அந்த வார்த்தைக்குச் சிரிக்காதவர் யார்? நீ பால் பொங்கவிட்டாலும், ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டுப் போனாலும், ஸ்கூட்டர் சாவியைத் தொலைத்தாலும் ஒரே கேள்விதான்: “என்ன சாரு, வெயில் நகர்ந்துடுச்சா?” உன் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டாரிடம்கூட அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தார்கள். சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அதனால் சுற்றி வளைக்காமல் இப்போதே எழுதிவிடுகிறேன். உனக்குப் பதினாலு வயதிருக்கும்போது உன் ரோபோ பொம்மை குமாரின் முகம் மாடி வெயிலில் உருகவில்லை. உருக்கியது நான். உருகியதை எடுத்துப்போய் மாடியில் வைத்ததும் நான்.

எப்படி, ஏன் என்று சொல்கிறேன். ஆனால் நான்கு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரிந்திருக்காது. இந்த அறுபத்திரண்டு வயதில் ரோபோ பொம்மைகளுக்கு வண்ணம் பூசப் பழகிய பிறகுதான் நான் உனக்குச் செய்தது என்ன என்று பிடிபட்டது. ஆகவே அந்த வழியாகவே வருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

போகிக்கு முதல் நாள் நீ வந்து பரணில் கிடந்த உன் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தாயே, அன்றைக்குத்தான் ஆரம்பம். பழைய நோட்டுகள், மூடி போன ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் மூட்டை கட்டினாய். கடைசியாக ஒரு செருப்பு டப்பாவை என் கையில் கொடுத்து, “இத யாராவது கொழந்தைக்குக் குடுத்துடுங்கப்பா, இல்லன்னா குப்பை வண்டியில போட்டுடுங்க” என்றாய். நீ போன பிறகு திறந்து பார்த்தேன். ஐந்து ரோபோக்கள். நான்கு, கடையில் வாங்கியபடியே வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தன. ஐந்தாவதை உன் பள்ளிக்கூடக் கைக்குட்டையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாய். பிரித்தால் குமார். பாண்டி பஜாரில் உன் பிறந்தநாளுக்கு வாங்கிய, ஒரு சாண் உயர ரோபோவுக்கு யாராவது குமார் என்று பெயர் வைப்பார்களா என்று நான் அப்போது கேட்டது ஞாபகம் இருக்கிறதா? “குமார்னா குமார்தான்பா” என்றாய், அதற்கு மேல் விளக்கம் கிடையாது. இடது கை பச்சை, வலது கை ஆரஞ்சு, மார்பில் அம்மாவின் புடவைக் கரை மாதிரி ஒரு ஊதாப் பட்டை எல்லாம் அப்படியே இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் மென்று துப்பிய பபிள்கம் மாதிரி ஒரு கட்டி. நீ அதை எப்போதோ எறிந்திருப்பாய் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எறிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் உண்மை.

டப்பாவைக் குப்பை வண்டியில் போடவும் மனசு வரவில்லை, சும்மா வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. போன வருஷம் தி. நகர் லேப்பை விட்டு வந்ததிலிருந்து கையும் வேலை கேட்டுக்கொண்டே இருந்தது. பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பி, நாம் பல் செய்து அனுப்புகிற வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன். பீங்கான் பல்லுக்கு நிறம் தீட்டத் தெரிந்தவனுக்கு பொம்மைக்குப் பெயிண்ட் அடிப்பது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். லஸ் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் அக்ரிலிக் பெயிண்ட் வாங்கினேன், பிரஷ் என்னிடமே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள். “மனுஷனுக்குப் பல்லு கட்டினது போதாதுன்னு இப்ப பொம்மைக்கும் கட்டப் போறீங்களா?” சாம்பல் ரோபோ ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் நீலமாக்கினேன். சாயங்காலம் பார்க்கப் பிரமாதமாக இருந்தது. மறுநாள் காலையில் நகத்தால் தொட்டேன், தோல் மாதிரி உரிந்து வந்தது. முழங்கையை மடக்கிப் பார்த்தேன், பெயிண்ட் உள்ளே இறங்கி இறுகியிருந்தது. கொஞ்சம் அழுத்தினேன். கை தனியாக வந்துவிட்டது.

எனக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. உன்னுடையது பதினாறு வருஷமாகியும் உரியவில்லையே. குமாரின் பச்சைக் கையை நூறு தடவை மடக்கியிருப்பாய், மூட்டில் ஒரு கீறல்கூட இல்லையே. பதினாலு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மா போனில் தேடி, அடையாறில் ஒரு கடையின் மாடியில் ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் கூடி ரோபோ பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறார்கள் என்று கண்டுபிடித்துக் கொடுத்தாள். போனேன். எல்லாம் உன் வயதுக்காரர்கள். கதவருகே நின்ற என்னைப் பார்த்து யாருடைய அப்பாவோ அழைத்துப் போக வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

அங்கேதான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், வீடு ஊரூர் ஒல்காட் குப்பத்தில். அண்ணன்மார் கடலுக்குப் போகிறார்கள், அவர்களுடைய பைபர் படகுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பது இவள். என் ஒற்றைக்கை நீல ரோபோவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கழுவுனீங்களா அங்கிள்?”

“எதை?”

“இத்தத்தான். அச்சுலேர்ந்து எடுக்கறப்ப எண்ண மாறி ஒண்ணு ஒட்டிக்கினு வரும். சோப்பு போட்டுக் கழுவாம மேல எத்த அடிச்சாலும் நிக்காது. எங்க போட்டுக்கே மொதல்ல கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பிரைமர் உட்டு, அப்பாலதான் கலரு. இது இன்னா, குட்டி போட்டு, அவ்ளோதான்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது, சாரு. இதை நான் முப்பத்தைந்து வருஷம் தினமும் செய்திருக்கிறேன். உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றும்போது முதலில் உலோகத்தைச் சுத்தம் பண்ணி, அதன் கறுப்பு தெரியாமல் மறைக்க ஒரு பூச்சுக் கொடுத்துச் சுட்டு எடுத்த பிறகுதான் பல்லின் நிறத்தையே தொடுவோம். அது ஓபேக், இது பிரைமர், பெயர்தான் வேறு. நாங்கள் கடைசியில் பளபளப்புக்குப் போடுகிற மாதிரியே இவர்களும் கடைசியில் ஒரு வார்னிஷ் போடுகிறார்கள். லேப்பில் எதற்கும் அவசரப்படாதவன், பொம்மை என்றதும் எல்லாவற்றையும் மறந்திருக்கிறேன். பொம்மைதானே என்ற இளக்காரம். அந்த இளக்காரம் எனக்குப் புதிதில்லை.

அதன் பிறகு ஒழுங்காகப் படித்தேன். பெயிண்ட் பால் மாதிரி இருக்க வேண்டும், தயிர் மாதிரி இருக்கக் கூடாது. பாகம் பாகமாகக் கழற்றி ஒவ்வொன்றையும் பல்குச்சியில் குத்தி நிறுத்திக்கொண்டு பூச வேண்டும். ஒன்றோடொன்று உரசுகிற மூட்டுப் பக்கம் பிரஷ் போகவே கூடாது. முதல் பூச்சு திட்டுத் திட்டாக, பார்க்கச் சகிக்காமல் இருக்கும். இன்னும் கொஞ்சம் அப்பலாமா என்று கை துறுதுறுக்கும். அப்பக் கூடாது, வைத்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். இரண்டாவது பூச்சுக்கும் அப்படித்தான். மூன்றாவதில்தான் நிறம் வந்து உட்காரும். சாயங்காலம் கடல் காற்று ஏறிய பிறகு வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தால் பொம்மை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும், அடிப்பதானால் காலை பதினொரு மணிக்குத்தான் அடிக்க வேண்டும். இதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். எழுதும்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. நீ ஒரு நாள் டம்ளரும் பிரஷ்ஷுமாக வந்து, “தண்ணி எவ்ளோ ஊத்தணும்பா?” என்று கேட்டாய். நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் “பார்த்து ஊத்து” என்றேன். நீ பார்த்துத்தான் ஊற்றியிருக்கிறாய். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், செய்து செய்து பார்த்து, நான் நான்கு மாதத்தில் கற்றதை அந்த ஒரு கோடை விடுமுறையில் நீயே கண்டுபிடித்திருக்கிறாய். பொறுமையில்லாத பெண், கவனமில்லாத கை என்று உன்னைப் பற்றி நீ சொல்லிக்கொள்வதற்கும் குமாரின் அந்தப் பச்சைக் கைக்கும் பொருந்தவே இல்லை.

பங்குனி முடிவதற்குள் எனக்குக் கை வந்துவிட்டது. மிச்சமிருந்த சாம்பல் ரோபோக்களில் ஒன்றை, கடையில் பொம்மையோடு கொடுத்த அட்டையில் இருந்த படத்தைப் பார்த்து அச்சாக அப்படியே தீட்டினேன். ஒரு கோடு விலகவில்லை. ரொம்பப் பெருமையோடு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போய் மேஜையில் வைத்தேன். எல்லோரும் சூப்பர் அங்கிள் என்றார்கள். ஜெசிந்தா மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கடையில வாங்குனாப்பல கீது” என்றாள்.

“அதானேம்மா வேணும்?”

“கடையில வாங்குனாப்பல வேணும்னா கடையிலயே வாங்கிக்கலாமே அங்கிள். இதுல நீங்க எங்க கீறீங்க?”

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பஸ்ஸில் வரும்போதும் யோசித்துக்கொண்டே வந்தேன். என் தொழிலில் நான் எங்கேயும் இருக்கக் கூடாது, அதுதான் தொழிலே. பக்கத்துப் பல்லோடு பல்லாக நிற்க வேண்டும். இது கட்டின பல் என்று யாராவது கண்டுபிடித்துவிட்டால் நான் தோற்றுவிட்டேன் என்று அர்த்தம். பல்லின் நிறம் பார்க்க எங்களிடம் பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த ஒரு பட்டை உண்டு. உலகத்தில் யார் வாயைத் திறந்தாலும் அந்தப் பதினாறுக்குள் அடக்கிவிடுவேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கண்ணை நான் கழற்றி வைக்கவில்லை. உன் சுடிதாருக்குத் துப்பட்டா சேரவில்லை என்பேன், உன் கையெழுத்து ஒரு பக்கம் சாய்கிறது என்பேன். எல்லாம் அக்கறைதான், ஆனால் உன்னையும் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இனி அந்த மே மாதம். பள்ளிக்கூடம் திறந்ததும் கண்காட்சி என்று நீ குமாருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தாய். முகத்துக்கு ஒரு மஞ்சள். கண்ணுக்கு ஊதா, அது கோட்டைத் தாண்டி மஞ்சளுக்குள் இறங்கியிருந்தது. தெரிந்து செய்தாயா தவறிப் போயிற்றா என்று நான் கேட்கவில்லை, தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். தினமும் செருப்பு டப்பா மூடியில் வைத்து, மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் காய வைப்பாய். இரண்டு நாளைக்கு நீ தாம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போனாய். முதல் நாள் காலையில் நான் குமாரை மூடியோடு எடுத்து, டிபன் பையில் வைத்து லேப்புக்குக் கொண்டு போனேன். கோடு தாண்டிய ஊதாவை மட்டும் சுத்தமாகத் துடைத்து எடுத்துவிட்டால் நீ வந்து பார்த்துச் சந்தோஷப்படுவாய் என்று ஒரு நினைப்பு. பல் செட்டு செய்யும்போது பவுடரோடு கலக்கிற ஒரு திரவம் உண்டு, மூக்கைத் துளைக்கும் வாசனை. லேப்பில் எந்தக் கறை என்றாலும் அதைப் பஞ்சில் தொட்டு ஒரு தேய்ப்பு, போய்விடும். இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாக அந்தப் பாட்டிலுக்குத்தான் போயிற்று. சில பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும், குமார் எந்த பிளாஸ்டிக் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். ஒரு தேய்ப்பில் ஊதா போயிற்று. இரண்டாவது தேய்ப்பில் கண் போயிற்று. பதறிப்போய் விரலால் நிமிர்த்தப் பார்த்தேன், மூக்கும் வாயும் என் விரலோடு வந்தன. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் பார்ப்பதற்குள் பையில் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலமே உனக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். அப்பா கெடுத்துட்டேன்டா, மன்னிச்சுக்கோ, வேற வாங்கித் தரேன் என்று மூன்று வாக்கியம். சொல்லவில்லை. நான் செய்து அனுப்பிய வேலை திரும்பி வராது என்று தி. நகர் டாக்டர்கள் மத்தியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயர் பதினாலு வயது மகளிடமும் கெடக் கூடாது என்று நினைத்திருக்கிறேன், பார். மறுநாள் சாயங்காலம் டப்பா மூடியோடு குமாரை மாடியில் கொண்டுபோய் வைத்தேன், நிழலில் இல்லை, கைப்பிடிச் சுவர் மேல். நீ வந்ததும் மேலே ஓடினாய். கீழே இறங்கி வரும்போது உன் முகத்தைப் பார்த்தும் நான் சொன்னேன்: “மே மாச வெயில்ல பிளாஸ்டிக்க வச்சா உருகாம என்ன பண்ணும் சாரு? பார்த்து வைக்க வேணாமா?” நீ சொன்னாய்: “நெழல்லதான்பா வச்சேன்.” அதற்கும் என்னிடம் பதில் தயாராக இருந்தது. “வெயில் நகரும்ல.”

இடம் மாறியிருக்கிறதே என்று நீ கேட்கவில்லை. அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாய். கண்காட்சிக்கு மழைநீர் சேகரிப்பு சார்ட் ஒன்றைக் கொண்டு போனாய், நான் கோடு போட்டுக் கொடுத்தேன், ரொம்ப நேராக இருந்தது. அப்புறம் நீ பிரஷ்ஷைத் தொடவே இல்லை. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கை ஒன்று பச்சையும் ஒன்று ஆரஞ்சுமாக அந்தப் பொம்மையை நீ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போகப் போவதில்லை என்றதும் என் மனசின் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

நீ ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்த பிறகு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. தட்டு வைத்தாள், சோறு போட்டாள், பேசவில்லை. மறுநாள் காபி கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள். “நானும் சேர்ந்து சிரிச்சேனேங்க, இத்தன வருஷம்.” அவ்வளவுதான் சொன்னாள். நீ திட்டுவதாக இருந்தால் என்னைத் திட்டு, அவளை விட்டுவிடு.

இப்போது பெட்டியைத் திற. குமாருக்குப் புது முகம் செய்திருக்கிறேன். உன் பிறந்தநாள் போட்டோவில் நீ அவனைக் கையில் பிடித்திருக்கிறாய். அதைப் பார்த்து மெழுகில் செதுக்கி, அச்செடுத்து, பல் செட்டுக்குப் பயன்படுத்துகிற பொருளிலேயே வார்த்தேன். என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது, அதனால் ஈறு நிறத்தில் வந்திருக்கிறது. “ஈறு மட்டும் இருக்கு, பல்லு எங்க?” என்று அம்மா கேட்டாள், ஒரு நாள் பேசாமல் இருந்தவள் அப்போதுதான் சிரித்தாள். கழுவி, தேய்த்து, பிரைமர் மட்டும் அடித்திருக்கிறேன், ஓரத்தில் கொஞ்சம் ஈறு தெரியும். மஞ்சள் பூசவில்லை. பூச முயற்சி பண்ணினேன் என்பதே சரி. போட்டோ நிறம் வெளுத்துவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்ததிலிருந்து எனக்கு இரண்டு கண்ணும் ஒரே நிறத்தைக் காட்டுவதில்லை. இடது கண்ணால் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரு பழுப்பு, வலது கண்ணால் பார்த்தால் வெளுப்பு. எந்த மஞ்சளைக் கலந்தாலும் எனக்கு அது இரண்டு மஞ்சளாகத் தெரிகிறது. என் பதினாறு மாதிரிப் பற்களில் தேடினேன், அதில் குமார் இல்லை. அது உனக்கு மட்டும் தெரிந்த நிறம். ஊதாக் கண் மஞ்சளுக்குள் இறங்கியது தவறியதா, நீயே செய்ததா? இதை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவும் இருக்கும், கட்டின பல்லை டாக்டருக்கு அனுப்புவோமே, அந்த டப்பா. அதற்குள் குமாரின் பழைய முகம் இருக்கிறது. அது உன் தவறு இல்லை, என் கைவேலை. உனக்கு வேண்டாம் என்றால் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடு, நான் வைத்துக்கொள்கிறேன்.

புனேயில் எந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. உனக்குச் சரிபார்க்கிற வேலைதான் பிடிக்கும் என்றால் அதையே எடுத்துக்கொள், அதிலும் ஒரு ருசி இருக்கிறது. ஆனால் முடிவு பண்ணும்போது மாடியையும் வெயிலையும் அதில் சேர்க்காதே. நீ நிழலில்தான் வைத்தாய். சரியாகத்தான் வைத்தாய். அந்தக் கை எதையும் கெடுக்கவில்லை.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பிளாஸ்டிக் வெயிலில் உருகும் என்று நான் அடித்துச் சொன்னேனே, உண்மையிலேயே உருகுமா? பதினாறு வருஷமாக யாரும் பார்த்ததில்லை, நானும்தான். பழகுவதற்காக ரங்கநாதன் தெருவில் கூட்டத்தில் இடிபட்டு வாங்கிய மலிவான சிவப்பு ரோபோ ஒன்று என்னிடம் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அதை எடுத்துப்போய் மாடிக் கைப்பிடிச் சுவரில், குமாரை வைத்த அதே இடத்தில் வைத்தேன். நிழலே விழாத இடம். செருப்பில்லாமல் நிற்க முடியாத வெயில். தினமும் மத்தியானம் ஏறிப்போய்ப் பார்த்தேன். இன்றோடு ஐந்து நாள். தொட்டால் சுடுகிறது, அவ்வளவுதான். கண், மூக்கு, வாய் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. எடுக்காமல் அங்கேயே விட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பதில் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை வந்து நீயே பார்த்துவிட்டுப் போ.

அப்பா